இரைப்பைப் புற்றுநோய்: கொரியாவில் 69, அமெரிக்காவில் 33. இந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது?

வெண்பனி · திங்கள், இரவு 10:15

அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய். வயது 61. பன்னிரண்டு நாட்களுக்கு முன் ஆபரேஷன் முடிந்தது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள். நேற்று, எடுத்த திசுவைச் சோதித்த பேத்தாலஜி ரிப்போர்ட் வந்தது. மூன்றாம் ஸ்டேஜ். "கீமோ பற்றிப் பேசலாம், அடுத்த வாரம் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

தூக்கம் வராமல் தேடிக்கொண்டிருந்தபோது கான்கார்ட்-3 என்ற உலகளாவிய ஆய்வு கண்ணில் பட்டது. 2018ல் லான்செட் இதழில் வந்தது. 2010 முதல் 2014 வரை இந்த நோய் கண்டறியப்பட்டவர்களின் 5 ஆண்டு உயிர்வாழ்வு தென் கொரியாவில் நூற்றுக்கு 69, ஜப்பானில் 60, அமெரிக்காவில் 33, பிரிட்டனில் 21. நோய் ஒன்றுதான், ஆனால் ஒரு நாட்டில் மூன்றில் இரண்டு பேர் பிழைக்கிறார்கள், இன்னொரு நாட்டில் ஐந்தில் ஒருவர்.

கிழக்கத்திய உடம்பே வேறா? அங்கே இருக்கும் டாக்டர்கள் வேறா? மருந்து வேறா? இதில் அப்பாவுக்கு எந்த எண்ணை நான் எடுத்துக்கொள்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பயப்படாதே என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், அதை வீட்டிலேயே நிறையக் கேட்டுவிட்டேன்.


எண்கணக்கு · திங்கள், இரவு 11:02

சகோ, முதலில் அதே ஆய்வில் இருக்கும் இன்னொரு எண்ணைப் பாருங்கள். சீனா: 36. அமெரிக்காவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆக இது கிழக்கு, மேற்கு என்று திசையைப் பொறுத்த விஷயம் இல்லை. கொரியாவும் ஜப்பானும் செய்த ஏதோ ஒன்றைப் பொறுத்த விஷயம்.

அந்த ஏதோ ஒன்றில் பெரிய பங்கு, எந்தக் கட்டத்தில் நோய் கண்டுபிடிக்கப்படுகிறது என்பது. இரைப்பைச் சுவரின் உள் அடுக்குகளோடு நின்றுவிட்ட கட்டியை 'ஆரம்பநிலைப் புற்று' என்று 1962லேயே ஜப்பானிய எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) மருத்துவர்கள் வரையறுத்து வைத்தார்கள். அந்தக் கட்டத்தில் பிடித்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பிழைக்கிறார்கள், எந்த நாடாக இருந்தாலும். கொரியாவில் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் 60 சதவீதத்துக்கு மேல் இந்த ஆரம்பநிலை. ஜப்பானில் பாதிக்கு மேல். மேற்கு நாடுகளில் சுமார் 20 சதவீதம்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். இவை நானாக எடுத்துக்கொண்ட எண்கள், புரிவதற்காக மட்டும். ஆரம்பநிலையில் 95 பேர் பிழைக்கிறார்கள், முற்றியதில் 35 பேர் என்று வையுங்கள். இரண்டு நாட்டிலும் ஒரே டாக்டர், ஒரே மருந்து. ஒரு நாட்டில் 60 சதவீதம் ஆரம்பநிலை என்றால் மொத்தம் 71 வரும். இன்னொரு நாட்டில் 20 சதவீதம் என்றால் 47 வரும். சிகிச்சையில் ஒரு வித்தியாசமும் இல்லாமலேயே 24 புள்ளி இடைவெளி வந்துவிட்டது.

அதனால் 69ஐயும் 33ஐயும் அப்பாவுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். அவை இரண்டும் எல்லா ஸ்டேஜும் கலந்த எண்கள்.


கீழைக்காற்று · செவ்வாய், காலை 6:40

நான் அந்த 69க்குள் இருப்பவன், அதனால் எழுதுகிறேன்.

கொரியாவில் 14 வருடம் வேலை பார்த்தேன். அங்கே தேசிய காப்பீட்டில் இருக்கும் எல்லோருக்கும் 40 வயது ஆனதும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரைப்பைப் பரிசோதனைக்கு அழைப்பு வரும். ஒற்றைப்படை ஆண்டில் பிறந்தவர்களுக்கு ஒற்றைப்படை ஆண்டு, இரட்டைப்படையில் பிறந்தவர்களுக்கு இரட்டைப்படை ஆண்டு. மறக்கவே முடியாது. அலுவலகத்தில் யாராவது ஒருவர் "இந்த வருஷம் உன் வருஷம்தானே, போனாயா?" என்று கேட்டுவிடுவார்.

எனக்கு 46 வயதில் மூன்றாவது முறை போனபோது, ஒரு சிறு கோப்பையில் வெள்ளையாக ஒரு திரவம் குடிக்கக் கொடுத்தார்கள், தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே அடித்தார்கள், இடது பக்கமாகப் படுக்க வைத்தார்கள். வழக்கமாக ஐந்து நிமிடத்தில் முடிவது அன்று முடியவில்லை. டாக்டர் திரையில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அங்கே எதுவும் தெரியவில்லை. சுற்றிலும் இருந்த சிவப்பைவிடக் கொஞ்சம் வெளிறிய ஒரு திட்டு, அவ்வளவுதான். 1.2 செ.மீ. பயாப்ஸியில் புற்று.

வயிற்றைத் திறக்கவே இல்லை. எண்டோஸ்கோபிக் குழாய் வழியாகவே அந்த இடத்தைச் சுற்றிக் கீறி, அடியிலிருந்து உரித்து எடுத்துவிட்டார்கள். ஜப்பானில் 1990களின் கடைசியில் உருவான முறை. சில நாளில் வீட்டுக்கு வந்துவிட்டேன். எட்டு வருடம் ஆகிறது, இரைப்பை முழுதாக இருக்கிறது.

எனக்கு வலி இல்லை, பசியின்மை இல்லை, எடை குறையவில்லை. ஒரு அறிகுறியும் கிடையாது. அறிகுறி வந்த பிறகுதான் குழாய் விடுவார்கள் என்ற நாட்டில் நான் இருந்திருந்தால், அந்தத் திட்டு யாருக்கும் தெரியாமல் இன்னும் சில வருடம் உள்ளே வளர்ந்திருக்கும். அப்புறம் நான் வேறு ஒரு எண்ணுக்குள் இருந்திருப்பேன்.


வாசகன்_7 · செவ்வாய், காலை 8:15

அப்படியானால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதை ஏன் எல்லோருக்கும் செய்வதில்லை? பணமா?


எண்கணக்கு · செவ்வாய், காலை 9:30

நோய் எத்தனை பேருக்கு வருகிறது என்பதுதான் முதல் காரணம். கொரியாவில் வருடத்துக்குச் சுமார் 29,000 புது நோயாளிகள். அமெரிக்காவில் சுமார் 26,000. கிட்டத்தட்ட ஒரே எண். ஆனால் கொரியாவின் மக்கள்தொகை 5 கோடியைக் கொஞ்சம் தாண்டும், அமெரிக்காவுடையது 33 கோடி. அங்கே ஒரு கட்டியைப் பிடிக்க ஆறு மடங்குக்கும் மேல் ஆட்களுக்குக் குழாய் விட வேண்டும். குழாய் விடுவதிலும் சிறு ஆபத்து உண்டு. அதனால் நோய் அதிகம் வரும் நாடுகளில் பிறந்து குடியேறியவர்கள், குடும்பத்தில் நோய் இருந்தவர்கள் என்று பொறுக்கி எடுத்துச் செய்யலாம் என்ற பேச்சுதான் அங்கே நடக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உயிர்வாழ்வு விகிதம் கூடுதலாக இருந்தால் சாவு குறைவு என்று அர்த்தம் இல்லை. இந்த நோயால் லட்சம் பேரில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று பார்த்தால் ஜப்பானும் கொரியாவும் அமெரிக்காவைவிடப் பல மடங்கு மேலே இருக்கின்றன. நோய் வருகிறவர்களே அவ்வளவு பேர்.


மரபுத்தேடல் · செவ்வாய், மதியம் 1:20

எண்கணக்கு சார் சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது. முன்கூட்டியே கண்டுபிடித்தால் கடிகாரம் முன்கூட்டியே ஓட ஆரம்பிக்கிறது. ஒருவர் 66 வயதில் இறக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 64ல் கண்டுபிடித்தால் 2 வருடம் வாழ்ந்தார். 60ல் கண்டுபிடித்தால் 6 வருடம், அதாவது '5 ஆண்டு பிழைத்தவர்' பட்டியலில் சேர்ந்துவிட்டார். சாவு தேதி மாறவே இல்லை. கொரியாவின் 69ல் இது எவ்வளவு?

அப்புறம் ஸ்கிரீனிங்குக்கு, அதாவது அறிகுறி இல்லாதவர்களையும் கூப்பிட்டுச் சோதிப்பதற்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலும் வித்தியாசம் வருகிறது. அவாகாஸ்ட் என்ற சோதனை, 2011ல் முடிவு வெளியானது. 774 பேர், எல்லோருக்கும் பரவிவிட்ட அல்லது அறுவைக்கு வழியில்லாத நோய். பெவாசிசுமாப் என்ற மருந்தைக் கீமோவோடு சேர்த்தால் பலன் உண்டா என்று பார்த்தார்கள். அதில் கீமோ மட்டும் கிடைத்த பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கீமோ, ஒரே விதிமுறை. இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) ஆசியாவில் 12.1 மாதம், ஐரோப்பாவில் 8.6, வட, தென் அமெரிக்காவில் 6.8. இங்கே எண்டோஸ்கோபி அழைப்பு எங்கே வந்தது? உடம்பும் கட்டியும்தான் வேறு என்பது என் கருத்து. அமெரிக்காவிலேயே வாழும் ஆசிய வம்சாவளியினருக்கும் அங்குள்ள வெள்ளையர்களைவிட உயிர்வாழ்வு கூடுதல் என்பதையும் மறக்கக் கூடாது.


எண்கணக்கு · செவ்வாய், மாலை 6:05

நல்ல கேள்விகள்.

கடிகார விஷயம் உண்மை. அதனால்தான் உயிர்வாழ்வை விட்டுவிட்டு இறப்பை அளக்க வேண்டும். கொரியாவில் அதைச் செய்தார்கள், 2017ல் வந்தது. இந்த நோயால் இறந்தவர்களையும், அவர்களைப் போன்ற வயது, பாலினம் உள்ள மற்றவர்களையும் ஒப்பிட்டு, யார் பரிசோதனைக்குப் போயிருந்தார்கள் என்று பார்த்தார்கள். எண்டோஸ்கோபி செய்துகொண்டவர்களுக்கு இந்த நோயால் சாகும் வாய்ப்பு 47 சதவீதம் குறைவு. பேரியம் கரைசலைக் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே மட்டும் எடுத்தவர்களுக்குக் குறிப்பிடும்படி குறையவில்லை. கடிகாரம் மட்டும்தான் காரணம் என்றால் இந்த 47 வந்திருக்காது.

அவாகாஸ்ட்டில் இன்னொரு வரியையும் படிக்க வேண்டும். முதல் கீமோ வேலை செய்யாமல் போனபின் இரண்டாவது கட்டமாக வேறு கீமோ பெற்றவர்கள் ஆசியாவில் 66 சதவீதம், ஐரோப்பாவில் 31, அமெரிக்கக் கண்டங்களில் 21. விதிமுறை முதல் கட்டத்துக்கு மட்டும்தான். அதற்கு மேல் ஒவ்வொரு நாட்டு டாக்டரும் அவரவர் வழக்கப்படி செய்தார்கள். 12.1க்கும் 6.8க்கும் நடுவே இதற்கு ஒரு பங்கு இல்லை என்று சொல்ல முடியுமா?


பழையவார்டு · செவ்வாய், இரவு 9:50

வெண்பனி தங்கை, நான் 22 வருடம் அறுவைப் பிரிவில் நர்ஸாக இருந்தேன், ஐரோப்பாவில் ஒரு சிறு மருத்துவமனையில். எல்லோரும் கட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். கட்டியை எடுக்கும் கையைப் பற்றியும், எடுத்தபின் பார்த்துக்கொள்ளும் கையைப் பற்றியும் நான் பேசியாக வேண்டும்.

இரைப்பையை எடுக்கும்போது அதை ஒட்டியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் (புற்று பரவும் வழியில் இருக்கும் சிறு உருண்டைகள்) எடுப்பார்கள். சுவரை ஒட்டிய முடிச்சுகளை மட்டும் எடுத்தால் டி1 (D1). இரைப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளின் நெடுகிலும் இருப்பவற்றையும் வழித்தெடுத்தால் டி2 (D2). ஜப்பானில் பல பத்தாண்டுகளாக டி2தான் வழக்கம். மேற்கில் 'அவ்வளவு தூரம் போகத் தேவையா' என்ற சந்தேகம் இருந்தது. அதைத் தீர்க்க நெதர்லாந்தில் 1989ல் ஒரு பெரிய சோதனை ஆரம்பித்தார்கள். டோக்கியோவிலிருந்து மிட்சுரு சசாகோ என்ற சர்ஜனையே வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள்.

முடிவு அதிர்ச்சி. 80 மருத்துவமனைகள், நோயை முழுவதும் எடுத்துவிடலாம் என்ற நிலையில் 711 பேர். டி1ல் ஆபரேஷனை ஒட்டி இறந்தவர்கள் 4 சதவீதம், டி2ல் 10 சதவீதம். 5 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 45, 47. வித்தியாசமே இல்லை. பிரிட்டனில் 400 பேரை வைத்துச் செய்ததிலும் அதே கதை, இறப்பு 6.5க்கு 13. சரி, டி2 ஜப்பானியர் உடம்புக்குத்தான் ஒத்துவரும் என்று மேற்கில் பலர் முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆனால் அந்த 331 டி2 நோயாளிகளை 80 மருத்துவமனைகளால் வகுத்துப் பாருங்கள். நான்கு வருடத்தில் ஒரு இடத்துக்கு நாலு பேர். ஆபரேஷன் மேஜையில் பயிற்சி பெற்ற ஆலோசக சர்ஜன் கூட நின்றார், அது உண்மை. மூன்றாம் நாள் ராத்திரி வார்டில் யார் நின்றார்கள்? அந்தக் காலத்து டி2வில் கணையத்தின் வாலையும் மண்ணீரலையும் சேர்த்தே எடுத்தார்கள். கணையத்தை வெட்டினால் அதன் நீர் கசியும். வயிற்றுக்குள்ளிருந்து திரவம் வடிய வைக்கும் டிரெயின் பையில் வெளிர் மஞ்சளாக வந்துகொண்டிருந்த திரவம் ஒரு நாள் கலங்கலாக, சாம்பல் கலந்த பழுப்பாக மாறும். ஐம்பது பேரைப் பார்த்த நர்ஸுக்கு அந்த நிறத்தைப் பார்த்ததும் வயிற்றைப் பிசையும், உடனே டாக்டரை எழுப்புவாள். முதல் முறை பார்ப்பவள் அளவைக் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். நான் முதல் முறை அப்படித்தான் போனேன். காலையில் அந்த மனிதருக்குக் காய்ச்சல் 39.5. இரண்டாம் முறை வயிற்றைத் திறந்தார்கள், பிழைக்கவில்லை. வருடத்துக்கு மூன்று பேருக்கு இந்த ஆபரேஷன் செய்யும் இடத்தில் யாருக்குமே கண் பழகாது. அது எங்கள் யாருடைய நல்ல மனசையும் பொறுத்ததில்லை.

ஜப்பானில் 24 மருத்துவமனைகள் சேர்ந்து செய்த சோதனையில் 523 பேருக்கு டி2வோ அதைவிடப் பெரியதோ செய்தார்கள். ஆபரேஷன் சாவு 0.8 சதவீதம். அங்கே எல்லா இடத்திலும் இது அன்றாட வேலை.

நெதர்லாந்து கதையின் மீதியையும் கேளுங்கள். அதே நோயாளிகளை 15 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். டி1 பிரிவில் 48 சதவீதம் பேர் இந்தப் புற்றாலேயே இறந்திருந்தார்கள், டி2வில் 37. ஆரம்பத்துச் சாவுகள் மறைத்து வைத்திருந்த பலன் பின்னால் வெளியே வந்தது. கணையத்தையும் மண்ணீரலையும் தேவையில்லாமல் தொடாமல் டி2 செய்வதுதான் இன்று மேற்கிலும் பரிந்துரை.

டென்மார்க் 2003ல் இந்த அறுவைகளை 37 இடங்களிலிருந்து 5 இடங்களுக்குச் சுருக்கியது. ஆபரேஷன் சாவு 8.2லிருந்து 2.4க்கு இறங்கியது. மக்கள் அதே டேனிஷ்காரர்கள்தான். மரபணு எதுவும் மாறவில்லை.


மரபுத்தேடல் · செவ்வாய், இரவு 11:30

அக்கா, கடைசி இரண்டு வரி என்னை யோசிக்க வைத்துவிட்டது. ஆனாலும் மேற்கத்திய நோயாளி கனமானவர், வயது கூடியவர், இதய நோயும் சேர்ந்திருக்கும். வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் என்றால் தமனியை ஒட்டி முடிச்சு எடுப்பதே கஷ்டம் இல்லையா? அதையும் கை என்று சொல்லிவிட முடியாது.


பழையவார்டு · புதன், காலை 7:10

முடியாது, ஒப்புக்கொள்கிறேன். கொழுப்பு அதிகமுள்ளவருக்கு அதே ஆபரேஷன் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடும். கட்டி இருக்கும் இடமும் வேறு. மேற்கில் உணவுக்குழாய் வந்து சேரும் மேல்முனையில் கட்டி வருவது அதிகம், கிழக்கில் கீழ்ப்பகுதியில். மேல்முனைக் கட்டி எங்கேயும் மோசமானது, ஆபரேஷனும் பெரிது.


நுண்ணோக்கி · புதன், இரவு 8:45

நான் பேத்தாலஜிஸ்ட். இரண்டு விஷயம், இரண்டாவது வெண்பனிக்கு அவசரமானது.

முதலாவது, 'புற்று' என்ற சொல்லே இரு பக்கமும் ஒன்றாக இல்லை. 1997ல் 35 இரைப்பை மாதிரிகளை நான்கு ஜப்பானிய, நான்கு மேற்கத்திய பேத்தாலஜிஸ்டுகள் தனித்தனியாகப் பார்த்தார்கள். செல்லின் கரு எப்படி இருக்கிறது, சுரப்பிகளின் அமைப்பு எவ்வளவு குலைந்திருக்கிறது என்று பார்த்து ஜப்பானியர்கள் 'புற்று' என்று எழுதிய பலவற்றை, மேற்கத்தியர்கள் 'அடியில் ஊடுருவவில்லையே' என்று சொல்லிப் புற்றுக்கு முந்தைய நிலை என்று எழுதினார்கள். ஊடுருவாததைப் புற்றுக் கணக்கில் சேர்த்தால் பிழைப்பவர் எண்ணிக்கை தானாக ஏறும். இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் வியன்னா வகைப்பாடு 2000ல் வந்தது. ஆனாலும் ஆரம்பநிலையில் மட்டும்தான் இது விளையாடும். அப்பாவின் ஸ்டேஜுக்குச் சம்பந்தமில்லை.

வெண்பனி, உங்கள் ரிப்போர்ட்டில் நிணநீர் முடிச்சு பற்றி ஒரு வரி இருக்கும். எத்தனையில் எத்தனை என்று. அதை எழுதுங்கள்.


வெண்பனி · புதன், இரவு 9:05

சார், 'பரிசோதித்த முடிச்சுகள் 9, புற்று உள்ளவை 3' என்று இருக்கிறது. பக்கத்தில் T3 N2. (இந்த T கட்டி எவ்வளவு ஆழம் என்பது, N முடிச்சுக் கணக்கு; அக்கா சொன்ன D இல்லை.)


நுண்ணோக்கி · புதன், இரவு 9:40

9 போதாது. ஸ்டேஜை நம்பிச் சொல்லக் குறைந்தது 16 முடிச்சுகளைப் பார்க்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். சர்ஜன் அனுப்பும் இரைப்பையோடு ஒரு கை அகலத்துக்கு மஞ்சள் கொழுப்பு ஒட்டியிருக்கும். அதை மெல்லிய துண்டுகளாக வெட்டி, விரல் நுனியால் நசுக்கித் தடவித்தான் முடிச்சுகளைத் தேடுகிறோம். சில பயறு அளவு, சில கடுகு அளவு. கொழுப்புக்குள் கடுகைத் தேடுவது பொறுமை கேட்கும் வேலை. நேரமில்லாத நாளில் பெரிதாகக் கைக்குத் தட்டுப்பட்டது மட்டும் ரிப்போர்ட்டுக்குள் வரும். ஜப்பானில் பெரும்பாலும் சர்ஜனே ஆபரேஷன் முடிந்த கையோடு, சூடு ஆறாத திசுவை மேஜையில் விரித்து வைத்து, எந்தத் தமனியை ஒட்டி எது இருந்தது என்று நினைவு இருக்கும்போதே முடிச்சுகளைப் பிரிப்பார். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர், ஒவ்வொரு நம்பருக்கும் தனி டப்பா. முப்பது, நாற்பது என்று கிடைப்பது அங்கே சாதாரணம்.

இது நீங்கள் கேட்ட கிழக்கு மேற்கு எண்களுக்குள்ளும் புகுந்து விளையாடுகிறது. 90, 80, 50 மதிப்பெண் வாங்கிய மூவர் 'அ' வகுப்பில், 40, 30, 20 வாங்கிய மூவர் 'ஆ' வகுப்பில் என்று வையுங்கள். சராசரி 73, 30. அந்த 50ஐ 'ஆ'வுக்கு மாற்றுங்கள். இப்போது 'அ' 85, 'ஆ' 35. ஒருவரும் ஒரு மதிப்பெண்கூடக் கூடுதலாக வாங்கவில்லை, இரண்டு சராசரியும் ஏறிவிட்டது. அதிகம் தேடினால் மறைந்திருந்த முடிச்சு கிடைத்து, இரண்டாம் ஸ்டேஜில் இருந்த மோசமானவர் மூன்றாம் ஸ்டேஜுக்குப் போகிறார். ஸ்டேஜ் வாரியாக ஒப்பிட்டால் ஜப்பான் எல்லாப் படியிலும் மேலே தெரிவதில் இதற்கு ஒரு பங்கு உண்டு.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது: அந்த இரைப்பைத் திசுவைப் பரிசோதனைக்கூடத்தில் ஃபார்மலினில் போட்டு, ரிப்போர்ட் கொடுத்தபின் சில வாரம்தான் வைத்திருப்பார்கள். அப்புறம் அழித்துவிடுவார்கள். நாளைக் காலையே சர்ஜனிடம் போய், மீதிக் கொழுப்பில் இன்னும் முடிச்சு தேடச் சொல்லிக் கேளுங்கள். சண்டை போட வேண்டாம், குற்றம் சொல்லவும் வேண்டாம். '16 வரவில்லையே, திரும்பப் பார்க்க முடியுமா' என்ற ஒரே வாக்கியம் போதும். நாங்கள் வழக்கமாகச் செய்கிற வேலைதான்.


வெண்பனி · புதன், இரவு 10:00

கேட்கிறேன் சார். கை நடுங்குகிறது. காலையில் முதல் ஆளாகப் போய் நிற்கிறேன்.


மரபுத்தேடல் · வியாழன், காலை 10:25

நேற்று இரவு முழுக்கத் தேடினேன், என் பக்கம் எவ்வளவு நிற்கும் என்று பார்க்க. நேர்மையாக எழுதிவிடுகிறேன்.

2014ல் 295 இரைப்பைக் கட்டிகளின் மரபணுவை முழுவதும் படித்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். அந்த நான்கு வகைகளும் கிழக்காசிய நோயாளிகளிடமும் மேற்கத்தியர்களிடமும் எவ்வளவு இருக்கின்றன என்பதில் முறையான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்றே எழுதியிருக்கிறார்கள். என் கட்சிக்கு இது பலத்த அடி.

ஆனால் மருந்தில் வித்தியாசம் உண்டு. எஸ்-1 என்ற மாத்திரை ஜப்பானில் உடலின் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு நாளைக்கு 80 மி.கி. என்ற அளவில் கொடுக்கிறார்கள். மேற்கத்தியர்களிடம் சோதித்தபோது 50க்கு இறக்க வேண்டியிருந்தது. உள்ளே போன மருந்தைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் சிஒய்பி2ஏ6 என்ற நொதி அவர்களிடம் வேகமாக வேலை செய்கிறது, வயிற்றுப்போக்கு தாங்க முடியவில்லை.

இன்னொன்று, நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கும் கொரியாவில் ஒரு மருத்துவமனையும் சேர்ந்து 2010ல் வெளியிட்ட ஒப்பீடு. இரண்டு இடமும் நிறைய ஆபரேஷன் செய்யும் இடங்கள். நோய் முழுவதும் எடுக்கப்பட்டவர்களை மட்டும் எடுத்து, ஸ்டேஜ், கட்டி இருந்த இடம், முடிச்சு எண்ணிக்கை எல்லாவற்றையும் சமன் செய்து பார்த்தார்கள். அப்படியும் அமெரிக்க நோயாளிக்குப் புற்றால் இறக்கும் ஆபத்து 1.3 மடங்கு. இடைவெளி நிறையச் சுருங்கியது, முழுதும் மறையவில்லை. அந்த மிச்சம் என்னுடையது என்று பிடித்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. ஆனால் அது மரபணுவாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த எண் சொல்லவில்லை.


எண்கணக்கு · வியாழன், மதியம் 12:40

இப்படி ஒரு பதிவை எழுத மனசு வேண்டும், நன்றி.

கீமோ சோதனைகளையும் ஒரு தடவை பார்த்துவிடலாம், வெண்பனிக்கு அடுத்த வாரம் பயன்படும். ஜப்பானில் எஸ்-1ஐ ஆபரேஷனுக்குப் பின் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்ததில் 5 ஆண்டு உயிர்வாழ்வு 72, ஆபரேஷன் மட்டும் செய்தவர்களுக்கு 61. பிரிட்டனில் மேஜிக் சோதனையில் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கீமோ கொடுத்தவர்களுக்கு 36, ஆபரேஷன் மட்டும் 23. 61ஐயும் 23ஐயும் பார்த்தால் தலை சுற்றும், இரண்டு நாட்டு நோயாளிகளும் ஒரே கட்டத்தில் இருக்கவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் கீமோ பத்துப் புள்ளிக்கு மேல் தூக்கியிருக்கிறது, அதைக் கவனியுங்கள். கொரியா, சீனா, தைவான் சேர்ந்து செய்த கிளாசிக் சோதனையில், டி2 முடிந்தபின் கேப்சிடபைன், ஆக்சாலிபிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்தை ஆறு மாதம் கொடுத்ததில் 5 ஆண்டு உயிர்வாழ்வு 69லிருந்து 78க்கு ஏறியது. அதில் சேர்ந்தவர்கள் இரண்டாம், மூன்றாம் ஸ்டேஜ்காரர்கள். அப்பாவின் நிலைக்கு நெருக்கமான எண்ணைத் தேடுவதென்றால் அங்கே தேடுங்கள்.


கீழைக்காற்று · வியாழன், இரவு 7:15

வெண்பனி, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நீங்களும் உங்கள் கூடப்பிறந்தவர்களும் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமிக்குச் சோதனை செய்துகொண்டீர்களா? இந்தப் புற்றுக்குப் பெரிய காரணமே அதுதான். 1994லேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் முகமை அதை உறுதியான புற்றுக்காரணி என்று அறிவித்துவிட்டது. கொரியாவில் 2020ல் வெளியான ஒரு சோதனையில், இந்த நோய் வந்தவர்களின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களில் கிருமி இருந்தவர்களுக்கு அதை ஒழிக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். சுமார் 9 வருடத்தில் புற்று வந்தவர்கள் 1.2 சதவீதம், போலி மாத்திரை எடுத்தவர்களில் 2.7. ஒரு மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ தெரிந்துவிடும்.


வெண்பனி · அடுத்த புதன், இரவு 8:30

தாமதத்துக்கு மன்னியுங்கள்.

வியாழன் காலை போனேன். நுண்ணோக்கி சார் சொல்லிக்கொடுத்த ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னேன். சர்ஜன் ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தார், ஒரு நிமிடம் பேசவில்லை. அங்கேயே பரிசோதனைக்கூடத்துக்குப் போன் செய்தார். திசு இன்னும் இருந்தது. நேற்று மாலை புது ரிப்போர்ட் வந்தது. இன்னும் 8 முடிச்சு கிடைத்திருக்கிறது, எட்டிலும் புற்று இல்லை. இப்போது 17ல் 3. ஸ்டேஜ் மாறவில்லை, ஆனால் அதுதான் ஸ்டேஜ் என்று இன்று நம்ப முடிகிறது.

இன்று கீமோ டாக்டரைப் பார்த்தோம். டி1ஆ டி2வா என்று கேட்டேன். ஆபரேஷன் குறிப்பை எடுத்துக் காட்டினார், டி2, மண்ணீரலையும் கணையத்தையும் தொடவில்லை. எண்கணக்கு சார் சொன்ன அதே இரண்டு மருந்துதான், மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று, எட்டுச் சுற்று. தம்பிக்கும் எனக்கும் கிருமிச் சோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்.

பழையவார்டு அக்கா, அப்பாவின் டிரெயின் குழாய் எடுத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முந்தைய நாள் வரை வெளிர் மஞ்சள்தான். தினமும் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், ஏன் என்று தெரியாமலே. நேற்றுதான் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை முதல் சுற்று.